டீசல் ஜெனரேட்டர் புகையிலிருந்து வெந்நீர்: வெப்ப மீட்பு ஓர் எளிய அறிமுகம்

500 கேவிஏ, அதாவது முழு லோடில் 400 கிலோவாட் தரும் டீசல் ஜெனரேட்டர் ஒன்று முக்கால் லோடில், அதாவது 300 கிலோவாட்டில் ஓடும்போது மணிக்கு ஏறக்குறைய 75 லிட்டர் டீசல் குடிக்கிறது. அந்த டீசலில் உள்ள ஆற்றலில் ஐந்தில் இரண்டு பங்குதான் மின்சாரமாகக் கம்பியில் போகிறது. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானது 450 டிகிரி சூட்டில் புகைக்குழாய் வழியே கூரைக்கு மேலே போய்விடுகிறது. ஐந்தில் ஒரு பங்குக்கு நெருக்கமாக ரேடியேட்டர் காற்றோடு கலக்கிறது. மிச்சம், உள்ளே போகும் காற்றை ஆற்றும் இன்டர்கூலரிலும் ஆயிலிலும் இன்ஜினின் வெளிச்சூட்டிலும் கரைகிறது. அதே வளாகத்தில் பாத்திரம் கழுவவோ துணி சாயம் போடவோ வெந்நீர் வேண்டுமென்று இன்னொரு பக்கம் விறகும் டீசலும் எரிந்துகொண்டிருக்கும். புகையில் போகும் வெப்பத்தை அந்த வெந்நீருக்குத் திருப்புவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

புகையின் ஆற்றலை மீட்கும் முயற்சி டீசல் இன்ஜினின் வரலாற்றிலேயே பழையது. புகையின் விசையில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போசார்ஜர் செய்வது அந்த வேலைதான். ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி அதற்குக் காப்புரிமை கோரியது 1905-ல். டர்போ தன் பங்கை எடுத்த பிறகும் மிஞ்சும் சூடு மிக அதிகம். பெரிய கப்பல்களில் மெயின் இன்ஜினுக்கு மேலே புகைப்போக்கியில் ஒரு எக்ஸாஸ்ட் கேஸ் பாய்லர் உட்கார்ந்திருக்கும். கனமான எரிஎண்ணெயை இளக்கத் தேவையான ஆவியைக் கடலில் ஓடும்போது பெரும்பாலும் அதுவே தந்துவிடும். கரையில் இருக்கும் ஜெனரேட்டருக்கும் தத்துவம் இதேதான். அளவு மட்டும் சிறிது.

கட்டுரை முழுவதும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம்: முக்கால் லோடில் ஓடும் 500 கேவிஏ செட், 80 டிகிரி வெந்நீர்.

எவ்வளவு வெப்பம் கிடைக்கும்?

மூன்று எண்கள் தெரிந்தால் போதும். மணிக்கு எத்தனை கிலோ புகை வருகிறது, என்ன சூட்டில் வருகிறது, எந்தச் சூடு வரை அதை ஆறவிடலாம்.

புகையின் எடையை நேரடியாக அளப்பது கடினம். டீசலின் எடையிலிருந்து கணக்கிடுவது எளிது. 75 லிட்டர் டீசல் சுமார் 63 கிலோ. ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய 14.5 கிலோ காற்று போதும், ஆனால் டீசல் இன்ஜின் எப்போதும் அதைவிடக் கூடுதலாகவே காற்றை இழுக்கும். எத்தனை மடங்கு என்பதைப் புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜன் சொல்லிவிடும். கேஸ் அனலைசரில் ஆக்சிஜன் 10 சதவீதம் காட்டினால், 20.9-ஐ 10.9-ஆல் வகுக்க வேண்டும், 1.92 மடங்கு காற்று. 14.5 × 1.92 என்றால் ஒரு கிலோ டீசலுக்கு 28 கிலோ காற்று. டீசலையும் சேர்த்தால் 29 கிலோ புகை. 63 கிலோ டீசலுக்கு மணிக்கு 1,800 கிலோ புகை என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு கிலோ புகையின் சூடு ஒரு டிகிரி இறங்கும்போது சுமார் 1.09 கிலோஜூல் வெப்பம் வெளிவருகிறது. 450 டிகிரியிலிருந்து 180 டிகிரிக்கு இறக்கினால்:

1,800 × 1.09 × 270 ÷ 3,600 = 147 கிலோவாட்.

குழாய்களிலும், புகையின் வெப்பத்தைத் தண்ணீருக்கு மாற்றும் கலத்தின் மேற்பரப்பிலும் போகும் இழப்பைக் கழித்தால் 140 கிலோவாட் கையில் நிற்கும். 30 டிகிரித் தண்ணீரை 80 டிகிரிக்கு ஏற்றினால் மணிக்கு 2,400 லிட்டர். இந்த வெந்நீரை 85 சதவீதத் திறனுள்ள டீசல் பாய்லரில் காய்ச்சியிருந்தால் மணிக்கு 16 லிட்டருக்கு மேல் டீசல் செலவாகியிருக்கும். சுமாரான விறகு அடுப்பில் காய்ச்சியிருந்தால் 50 கிலோவுக்கு மேல் விறகு. எந்த எரிபொருளைத் தவிர்க்கிறோமோ அதன் விலைதான் நம் லாபம். விறகை மிச்சப்படுத்தும் இடத்தில் முதலீடு திரும்ப வர ஆகும் காலம் டீசலை மிச்சப்படுத்தும் இடத்தைவிடப் பல மடங்கு நீளும்.

எரிசக்தித் தணிக்கைக் கையேடுகளில் ஒரு சுருக்குவழி உண்டு: ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 8 கிலோ புகை என்று வைத்து, 0.25 கிலோகலோரியால் பெருக்கி, வெப்பநிலை இறக்கத்தாலும் பெருக்குவது. மெகாவாட் கணக்கில் உள்ள பெரிய இன்ஜின்கள் அதிகக் காற்றை இழுப்பதால் அவற்றுக்கு அது சரியாக வரும். நம் சிறிய ஹைஸ்பீடு இன்ஜினில் ஒரு யூனிட்டுக்கு 6 கிலோதான் புகை. அந்தச் சூத்திரத்தைப் போட்டால் 147-க்குப் பதில் 188 கிலோவாட் என்று காட்டும். விற்பவரின் தாளில் பெரிய எண் தெரிந்தால், புகையின் எடையை எப்படி எடுத்தார் என்று முதலில் கேட்க வேண்டும்.

இன்னொன்று. முழு லோடில் அளந்த எண்ணை வைத்து வருடக் கணக்குப் போடக் கூடாது. லோடு இறங்கினால் புகையின் எடையும் குறையும், சூடும் குறையும். இரண்டும் சேர்ந்து வெப்பத்தை லோடைவிட வேகமாக இறக்கும். இதே செட் முழு லோடில் 200 கிலோவாட்டுக்கு மேல் வெப்பம் தரக்கூடியது. கால் லோடில் அதிலிருந்து எடுக்க உருப்படியாக ஒன்றும் இருக்காது.

ஓடும் மணிநேரம்

மணிக்கு 16 லிட்டர் டீசல் மிச்சம் என்பது கவர்ச்சியாகத்தான் இருக்கும். வருடம் 4,000 மணி நேரம் ஓடும் செட்டுக்கு அது 64,000 லிட்டர். மின்வெட்டுக்கு மட்டும் வருடம் 250 மணி நேரம் ஓடும் செட்டுக்கு 4,000 லிட்டர். அதிலும் மின்வெட்டு வரும் நேரத்தில் வெந்நீர் தேவைப்படாவிட்டால் பாதிகூட மிஞ்சாது. 2012-ஐ ஒட்டிய கடும் மின்வெட்டுக் காலத்தில் தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளில் தினமும் பல மணி நேரம் ஓடிய செட்டுகள் இன்று பெரும்பாலும் காத்திருப்பில்தான் நிற்கின்றன. அவற்றுக்கு இந்த முதலீடு வேண்டாம். டீசல் மின்சாரத்தையே பெரிதும் நம்பியிருக்கும் லட்சத்தீவு, மாலத்தீவு போன்ற தீவுகள், மின்கம்பி எட்டாத சுரங்கங்கள், எண்ணெய் துளையிடும் தளங்கள், கப்பல்கள் ஆகியவைதான் இதற்கு இயல்பான இடங்கள்.

180 டிகிரி எங்கிருந்து வந்தது?

புகையை ஏன் 180-லேயே நிறுத்துகிறோம், 60 வரை இறக்கினால் இன்னும் வெப்பம் கிடைக்குமே என்று தோன்றும். காரணம் கந்தகம். டீசலில் உள்ள கந்தகம் எரிந்து சல்பர் டைஆக்சைடாகிறது. அதில் ஒரு சிறு பகுதி சல்பர் ட்ரைஆக்சைடாக மாறி, புகையில் இருக்கும் நீராவியோடு சேர்ந்து கந்தக அமிலமாகிறது. அந்த அமில ஆவி தண்ணீரைவிட மிக உயர்ந்த சூட்டிலேயே உலோகத்தின் மேல் நீர்த்துப் படியும். கந்தகம் மிகுந்த ஃபர்னஸ் ஆயிலில் (கனமான எரிஎண்ணெயில்) இது 120 முதல் 150 டிகிரியிலேயே தொடங்கிவிடும். படிந்த இடத்தில் இரும்புக் குழாய் மாதக்கணக்கில் அரிக்கப்பட்டு ஓட்டையாகும். அந்தக் காலத்து எரிபொருளுக்குப் பாதுகாப்பு இடைவெளி விட்டுச் சொன்ன எண்தான் 180.

2020 ஏப்ரல் 1 முதல் இந்தியா முழுவதும் பம்புகளில் விற்கும் பிஎஸ்-6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான். அதனால் அமிலப் பயம் பெரிதும் குறைந்துவிட்டது. 130 டிகிரி வரை இறக்கும் கலங்களை இன்று துணிந்து வடிவமைக்கலாம். அதற்குக் கீழே போவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் குழாயின் பரப்பு வேகமாகக் கூடும், எரியாத டீசலும் ஆயில் ஆவியும் குளிர்ந்த குழாய்களில் பிசினாகப் படியும். ஃபர்னஸ் ஆயிலிலோ எல்டிஓவிலோ (லைட் டீசல் ஆயில்) ஓடும் இன்ஜினுக்கு 180-க்குக் கீழே இறங்கவே கூடாது.

கவனிக்க வேண்டியது குழாய்ச் சுவரின் சூடு

புகை 180 டிகிரியில் வெளியேறுகிறது, ஆகவே அரிப்பு வராது என்று நினைத்து ஏமாறுவோர் அதிகம். அமிலமும் நீரும் படிவது குழாயின் சுவரில். சுவரின் சூட்டைத் தீர்மானிப்பது புகை அல்ல, தண்ணீர். புகையிலிருந்து சுவருக்கு வெப்பம் மெதுவாகத்தான் போகும். சுவரிலிருந்து தண்ணீருக்கு அதைவிட இருபது முப்பது மடங்கு எளிதாகப் போகும். அதனால் ஒரு பக்கம் 200 டிகிரிப் புகை இருந்தாலும், மறுபக்கம் 30 டிகிரித் தண்ணீர் நுழையும் இடத்தில் சுவர் 40 டிகிரியைக்கூட எட்டாது.

டீசல் புகையில் உள்ள நீராவி 40 முதல் 45 டிகிரியில் பனிக்கத் தொடங்கும். கடலோர ஈரக்காற்றில் அது மேல் எல்லைக்குப் போகும். கிணற்றுத் தண்ணீரை நேராகக் கலத்துக்குள் விட்டால் நுழைவாய்க் குழாய்கள் எப்போதும் ஈரமாகவே இருக்கும். ஈரத்தில் கரி ஒட்டும், ஒட்டிய கரி அமிலத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், இன்ஜின் நின்ற பிறகும் அரிப்பு தொடரும். ஒன்றரை வருடத்தில் ஓட்டையான கலங்களைப் பிரித்தால் ஓட்டைகள் குளிர்ந்த முனையில் கூட்டமாக இருக்கும், காரணம் இதுவே.

தீர்வு எளிது. கலத்துக்குள் நுழையும் தண்ணீர் 60 டிகிரிக்குக் கீழே போகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். வெளியேறும் 80 டிகிரித் தண்ணீரின் ஒரு பகுதியை மூன்று வழி வால்வு மூலம் திரும்ப நுழைவாயில் கலந்தால் போதும். நம் கலத்தில் 60-ல் நுழைந்து 80-ல் வெளியேற மணிக்கு 6,000 லிட்டர் சுற்ற வேண்டும். பம்பை இந்த அளவுக்குத்தான் தேர்வு செய்ய வேண்டும், 2,400 லிட்டருக்கு அல்ல.

இதையும் தாண்டி, கலத்துக்குள் சுற்றும் தண்ணீரைத் தனிச் சுற்றாகவே வைத்துவிடுவது நல்லது. கடினத்தன்மை நீக்கிய மென்னீரை நிரப்பி, அரிப்புத் தடுப்பு மருந்து சேர்த்து, மூடிய சுற்றாகச் சுற்றவிட்டு, அதன் வெப்பத்தை ஒரு பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியே பயன்பாட்டுத் தண்ணீருக்கு மாற்ற வேண்டும். அப்போது சுற்று 80-க்குச் சில டிகிரி மேலே ஓடினால்தான் பயன்பாட்டுத் தண்ணீர் 80-ஐ எட்டும். உப்பு மிகுந்த போர்வெல் தண்ணீரை நேராக விட்டால் இரண்டு கேடுகள். கால்சியம் படிவு, குழாய் முனைகள் வெல்டிங் செய்யப்பட்ட சூடான முகப்புத் தகட்டில் கட்டிக்கொண்டு அங்கே வெல்டிங் விரிசல் விடும். தண்ணீரில் குளோரைடு இருந்து சுவரும் 60 டிகிரிக்கு மேல் இருந்தால் எஸ்எஸ் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்கள் திடீரென்று மயிரிழை விரிசல் விடும். ‘ஸ்டெயின்லெஸ் போட்டோமே, எப்படி உடைந்தது?’ என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பதில் குளோரைடுதான். மூடிய சுற்றில் நல்ல தண்ணீர் இருந்தால் சாதாரண பாய்லர் தரக் கார்பன் ஸ்டீல் குழாயே பல வருடம் உழைக்கும்.

ரேடியேட்டர் பக்கத்து வெப்பம்

புகையைப் பற்றியே பேசிக்கொண்டு ஜாக்கெட் நீரை மறந்துவிடுகிறார்கள். இன்ஜினைக் குளிர்விக்கும் நீர் 80 முதல் 90 டிகிரியில் ரேடியேட்டருக்கு வருகிறது. அதில் கரி இல்லை, அமிலம் இல்லை, புகையின் வழியில் தடையால் வரும் பேக் பிரஷர் இல்லை. ஒரு பிளேட் எக்ஸ்சேஞ்சர் போதும். நம் உதாரணச் செட்டில் அங்கே சுமார் 130 கிலோவாட் இருக்கும். பயன்பாட்டுத் தண்ணீரை முதலில் ஜாக்கெட் நீரில் 55 டிகிரிக்குச் சூடேற்றி, பிறகு புகைச் சுற்றில் 80-க்கு ஏற்றுவதே சரியான வரிசை. இரண்டும் சேர்ந்தால் மணிக்கு 4,500 லிட்டர் கிடைக்கும்.

எக்ஸ்சேஞ்சரைத் தெர்மோஸ்டாட்டுக்குப் பிறகு, ரேடியேட்டருக்கு முன்னால் தொடர்வரிசையில் வைக்க வேண்டும். ரேடியேட்டரை அகற்றக் கூடாது. வெந்நீர்த் தேவை இல்லாத நேரத்தில் அதுதான் இன்ஜினைக் காப்பாற்றும். ஜாக்கெட் பம்பு வலுவானதல்ல, ஆகவே வெளிச்சுற்றில் எவ்வளவு அழுத்த இழப்பை இன்ஜின் தயாரிப்பாளர் அனுமதிக்கிறார் என்று பார்த்து, பிளேட்டுகளைத் தாராளமாக எடுக்க வேண்டும். கப்பலில் கடல்நீரிலிருந்து நன்னீர் எடுக்கும் கருவிகள் பெரும்பாலும் இந்த ஜாக்கெட் நீரில்தான் ஓடுகின்றன. வெற்றிடத்தில் கடல்நீர் 45 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுவதால் இந்தச் சூடு அதற்குத் தாராளம்.

கலத்தின் அளவு

சிறிய செட்டுகளுக்குக் குழாய்களுக்குள் புகையும் வெளியே தண்ணீரும் போகும் அமைப்பே ஏற்றது. பிரஷ் விட்டுக் கரியை எடுக்க முடிவதே அதன் பெரிய வசதி. துடுப்புகள் வைத்த வாட்டர் டியூப் அமைப்பு (குழாய்க்குள் தண்ணீர், வெளியே புகை) இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் துடுப்புகளுக்கிடையே சிக்கிய கரியை எடுப்பது பெரும்பாடு.

பரப்பின் கணக்கு இப்படிப் போகிறது. எதிரெதிர் ஓட்டத்தில் ஒரு முனையில் புகை 450, தண்ணீர் 80. மறுமுனையில் புகை 180, தண்ணீர் 60. இந்த இரண்டு வேறுபாடுகளின் மடக்கைச் சராசரி 222 டிகிரி. கரி கொஞ்சம் படிந்த நிலையில் ஒரு சதுர மீட்டர், ஒரு டிகிரிக்கு 45 வாட் கடக்கும் என்று எடுத்துக்கொண்டால் 1,40,000 ÷ (45 × 222) = 14 சதுர மீட்டர். உள்விட்டம் 32 மி.மீ., நீளம் 3 மீட்டர் உள்ள குழாய் ஒன்றின் உட்பரப்பு 0.3 சதுர மீட்டர். ஆக 47 குழாய்கள்.

இப்போது வேகத்தைச் சரிபார்க்க வேண்டும். 47 குழாய்களில் புகை சராசரியாக நொடிக்கு 22 மீட்டர் வேகத்தில் ஓடும். இது நல்ல வேகம். நொடிக்குப் பத்து மீட்டருக்குக் கீழே இறங்கினால் கரி படிவது மிகும். 35-ஐத் தாண்டினால் பேக் பிரஷர் கையை மீறும். ‘பெரிதாக இருந்தால் நல்லதுதானே’ என்று குழாய்களை இரட்டிப்பாக்கினால் வேகம் பாதியாகி, கலம் கரிக்கூடாக மாறிவிடும்.

பேக் பிரஷர்

புகையின் வழியில் எதை வைத்தாலும் இன்ஜின் அதைத் தள்ளிக்கொண்டு மூச்சுவிட வேண்டும். தடை கூடினால் சிலிண்டருக்குள் பழைய புகை தங்கும், டீசல் செலவு ஏறும், புகையின் சூடு ஏறும், டர்போவும் வால்வுகளும் வாடும். பல ஹைஸ்பீடு டர்போ இன்ஜின்களுக்கு மொத்த வரம்பு 6.7 முதல் 10 கிலோபாஸ்கல், அதாவது நீர்மட்டத்தால் அழுத்தத்தை அளக்கும் மானோமீட்டரில் 680 முதல் 1,000 மி.மீ. நீர். பெரிய மீடியம் ஸ்பீடு இன்ஜின்களுக்கு இது 250 முதல் 300 மி.மீ. மட்டுமே. உங்கள் இன்ஜினின் சரியான எண் அதன் தொழில்நுட்பத் தாளில் இருக்கும். அந்த எண்ணில் சைலன்சர், வளைவுகள், குழாய் நீளம், புதிய கலம் எல்லாம் அடங்க வேண்டும்.

நம் கலம் சுத்தமாக இருக்கும்போது 0.6 கிலோபாஸ்கல்தான் எடுக்கும். ஆனால் குழாயின் உள்ளே சுற்றிலும் 1.5 மி.மீ. கரி படிந்தாலே 32 மி.மீ. விட்டம் 29 ஆகிவிடும். இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்குத் தலைகீழாக மாறுவதால் அது 60 சதவீதத்துக்கு மேல் கூடும். அதனால் வடிவமைப்பில் கலத்துக்கு 1.5 கிலோபாஸ்கல் ஒதுக்க வேண்டும். கலம் வைப்பதற்கு முன்பே இப்போதைய பேக் பிரஷரை முழு லோடில் அளந்து எழுதி வைப்பது அவசியம். ஏற்கெனவே வரம்பை ஒட்டி ஓடும் இன்ஜினாக இருந்தால் முதலில் புகைக்குழாயைப் பெரிதாக்க வேண்டும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின், 2023-ல் நடைமுறைக்கு வந்த சிபிசிபி-4 பிளஸ் விதிகளின்படி வரும் பல புதிய செட்டுகளில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிஸ்டுகள் உண்டு. அவை வேலை செய்ய அவற்றுக்கே சூடு வேண்டும். வெப்ப மீட்புக் கலம் கண்டிப்பாக அவற்றுக்குப் பிறகுதான் வர வேண்டும்.

கரியும் தீயும்

கரி வெப்பத்தைத் தடுக்கும் என்பது சிறிய தொல்லை. அது பற்றி எரியும் என்பது பெரியது. கப்பல்களில் எக்ஸாஸ்ட் பாய்லர் தீவிபத்துகள் நன்கு ஆராயப்பட்டவை. உலர்ந்த கரி 300 டிகிரிக்கு மேல்தான் பற்றும். எரியாத எண்ணெய் ஊறிய கரி 150 டிகிரியிலேயே பற்றிக்கொள்ளும். தண்ணீர் ஓட்டமும் நின்றிருந்தால் கரித்தீயின் சூட்டில் இரும்புக் குழாயே எரியத் தொடங்கும். அந்நிலையில் தண்ணீர் அடித்தால் தீ இன்னும் வளரும். இன்ஜின் குறைந்த லோடில் நெடுநேரம் ஓடியபின், அல்லது ஓடி நின்றபின் தண்ணீர்ப் பம்பையும் உடனே நிறுத்தும்போது இத்தகைய தீ மூள்கிறது.

கரையிலும் பாடம் அதேதான். லோடு 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் புகையைக் கலத்துக்குள் விடக் கூடாது, கலத்தைத் தொடாமல் போகும் மாற்றுக் குழாயான பைபாஸில் விட வேண்டும். ஸ்டார்ட் செய்த முதல் பத்து நிமிடமும் பைபாஸ்தான். பம்ப் இன்ஜினுக்கு முன்பே ஓடத் தொடங்கி, இன்ஜின் நின்ற பிறகும் கலம் ஆறும் வரை ஓட வேண்டும். மின்வெட்டில் பம்ப் நின்றுவிடாதபடி, இன்ஜின் ஓடும்போது அதற்கான மின்சாரம் ஜெனரேட்டரிலிருந்தே வர வேண்டும்; அதற்கு முன்னும் பின்னும் வேறு வழியில் வர வேண்டும்.

பைபாஸும் பாதுகாப்பும்

பைபாஸ் இல்லாத கலத்தை வாங்கவே வேண்டாம். கலத்துக்குப் போகும் வழியில் புகையைத் திறந்து மூடும் ஒரு மடல், பைபாஸ் வழியில் இன்னொரு மடல். இரண்டும் ஒரே தண்டில், ஒன்று மூடினால் மற்றது திறக்கும்படி பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். தனித்தனி மோட்டார் வைத்தால் ஒருநாள் இரண்டும் மூடிக்கொள்ளும், இன்ஜின் மூச்சடைத்து நிற்கும். காற்றழுத்தமோ மின்சாரமோ போனால் மடல் தானாகப் பைபாஸ் பக்கம் திரும்பும் ஸ்பிரிங் வகையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்த மடலும் முழுக்க அடைக்காது. சில சதவீதப் புகை எப்போதும் கலத்துக்குள் கசியும் என்பதால் பைபாஸில் இருக்கும்போதும் பம்ப் ஓட வேண்டும்.

பம்ப் நின்றால் எவ்வளவு நேரம் இருக்கிறது? கலத்துக்குள் 300 லிட்டர் தண்ணீர் 80 டிகிரியில் நிற்கிறது. 140 கிலோவாட் அதை 100 டிகிரிக்குக் கொண்டுபோக மூன்று நிமிடம் போதும். ஆபரேட்டர் பார்த்துக்கொள்வார் என்று விடக்கூடிய நேரம் அல்ல இது. ஃப்ளோ சுவிட்ச் ஓட்டம் குறைந்ததுமே மடலைத் திருப்ப வேண்டும். 92 டிகிரியில் ஒரு டெம்பரேச்சர் சுவிட்சும் அதையே செய்ய வேண்டும். இவை இரண்டும் தவறினால் காப்பாற்ற, கலத்தின் உடம்பிலேயே இடையில் எந்த வால்வும் இல்லாமல் சேஃப்டி வால்வு. மூடிய சுற்றுக்கு, சூட்டில் விரியும் தண்ணீரை ஏற்க எக்ஸ்பான்ஷன் டேங்க். மேல்முனையில் காற்று வெளியேற ஏர் வென்ட். சூடான முகப்புத் தகட்டின் பின்னால் காற்று தங்கினால் அந்த இடம் தண்ணீர் தொடாமல் வெந்து விரிசல் விடும்.

பொருத்தும்போது கோட்டை விடும் இடங்கள்

இரும்புக் குழாய் 450 டிகிரியில் மீட்டருக்கு 6 மி.மீ. நீளும், ஆறு மீட்டர் குழாய் மூன்றரை சென்டிமீட்டர் தள்ளும். டர்போ வெளிவாயிலை ஒட்டியே இந்த நீட்சியை வாங்கிக்கொள்ளும் ஸ்டெயின்லெஸ் பெல்லோஸ் வேண்டும். கலத்தின் எடை முழுவதும் தன் சொந்தத் தாங்கியில் நிற்க வேண்டும், டர்போ ஃபிளாஞ்சில் ஒரு கிலோகூடத் தொங்கக் கூடாது.

கலத்திலிருந்து இன்ஜினை நோக்கிக் குழாய் சரியக் கூடாது. என்றாவது ஒரு குழாய் ஓட்டையானால், நின்றிருக்கும் இன்ஜினுக்குள் தண்ணீர் போய்ச் சேரும். மறுநாள் ஸ்டார்ட் செய்யும்போது பிஸ்டனுக்கு மேல் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கலத்துக்கும் இன்ஜினுக்கும் நடுவே தாழ்வான இடத்தில் ஒரு வடிகால் சட்டியும் வால்வும் வைத்து, தினமும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் திறந்து பார்ப்பது இந்தப் பேரிழப்பைத் தடுக்கும்.

கலத்தின் முன்னால் குழாய் நீளத்துக்கு, அதாவது மூன்று மீட்டருக்குக் காலி இடம் விட வேண்டும். இல்லாவிட்டால் பிரஷ் நுழையாது. இரு முனைகளிலும் கீல் வைத்த கதவு இருந்தால் சுத்தம் செய்வது அரை நாள் வேலை, போல்ட் வைத்த மூடி என்றால் இரண்டு நாள். வெளியே 75 முதல் 100 மி.மீ. ராக்வூல் சுற்றி அலுமினியத் தகடு போர்த்த வேண்டும்.

மின்வெட்டின்போது மட்டும் செட் ஓடி, வெந்நீர் வேறு நேரத்தில் வேண்டும் என்றால் சேமிப்புத் தொட்டி வேண்டும். இரண்டு மணி நேர ஓட்டத்துக்கு 5,000 லிட்டர்.

வெந்நீர் அல்லாத வழிகள்

ஆவியும் எடுக்கலாம். 7 பார் அழுத்தத்தில் ஆவி 170 டிகிரியில் இருப்பதால் புகையை 200-க்குக் கீழே இறக்க முடியாது. நம் செட்டில் மணிக்கு 180 கிலோ ஆவிதான் வரும். 25 லிட்டருக்கு மேல் கொள்ளும் ஆவிக் கலம் பாய்லர் சட்டத்துக்குள் வரும்: 1923-ன் சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் புதியது இயற்றப்பட்டுள்ளது. பதிவு, ஆய்வு, தகுதிபெற்ற ஆபரேட்டர் எல்லாம் வேண்டும். 80 டிகிரி போதுமான வேலைக்கு ஆவி கேட்பது வீண் சுமை.

குளிர்ச்சி வேண்டுமானால், வெப்பத்தைக் கொண்டே குளிரூட்டும் வேப்பர் அப்சார்ப்ஷன் சில்லர். வெந்நீரில் ஓடும் ஒற்றை நிலை எந்திரம் 140 கிலோவாட்டில் ஏறக்குறைய 28 டன் குளிர்ச்சி தரும். குளிரூட்டலுக்கே மின்சாரத்தில் பெரும்பகுதி செலவாகும் தீவு விடுதிகளுக்கு வெந்நீரைவிட இது மதிப்பானது. மின்சாரமாக மாற்றும் ஆர்கானிக் ரேங்கின் எந்திரங்கள் பத்து முதல் பதினைந்து சதவீதம்தான் திருப்பும். 140-ல் 15, 20 கிலோவாட். ஒரே ஒரு 500 கேவிஏ செட்டுக்கு அந்தச் செலவு ஒத்துவராது.

புகையை நேராக உலர்த்தும் அறைக்குள் விடலாமா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடும் புற்றுநோய் உண்டாக்கும் கரித்துகளும் அதில் உண்டு. மிளகாய், தேங்காய், மீன் எதுவானாலும் நடுவே ஒரு காற்று ஹீட் எக்ஸ்சேஞ்சர் இருந்தே ஆக வேண்டும்.

ஓட ஆரம்பித்த பிறகு

கலத்தின் புகை வெளிவாயிலில் சூட்டை அளக்க ஒரு தெர்மோகப்பிள், நுழைவாயிலில் ஒரு மானோமீட்டர் இணைப்பு. இந்த இரண்டும் கலத்தின் உடல்நிலையைச் சொல்லிவிடும். முதல் நாளே 50, 75, 100 சதவீத லோடுகளில் இரண்டையும் பதிந்து பலகையில் எழுதி மாட்ட வேண்டும். பிறகு எப்போது பார்த்தாலும் அதே லோடு எண்ணோடு ஒப்பிட வேண்டும். வேறு லோடோடு ஒப்பிட்டால் அர்த்தமில்லை. 75 சதவீதத்தில் 180 டிகிரியாக இருந்த வெளிவாய் 210 ஆகியிருந்தால், எடுக்க வேண்டிய வெப்பத்தில் ஒன்பதில் ஒரு பங்கு கரியால் போய்க்கொண்டிருக்கிறது. பிரஷ் எடுக்க வேண்டிய நேரம் அது. புதிய கலத்தை முதல் 250 மணி நேரத்தில் ஒருமுறை திறந்து பார்த்துவிட வேண்டும். கரி உலர்ந்து உதிர்ந்தால் இடைவெளியை 500 மணி நேரமாக நீட்டலாம். பளபளவென்று ஈரமாக, தார் போல ஒட்டியிருந்தால் பிரஷ் மட்டும் போதாது: லோடு குறைவாக ஓடுகிறதா, இன்ஜெக்டர் ஒழுகுகிறதா, நுழையும் தண்ணீர் 60 டிகிரிக்குக் கீழே இறங்குகிறதா என்று இந்த வரிசையிலேயே தேட வேண்டும். வெளிவாய்ச் சூடு மாறாமல் பேக் பிரஷர் மட்டும் ஏறினால் கலத்தை விட்டுவிட்டுச் சைலன்சரைத் திறந்து பாருங்கள்.